கூண்டு யாருக்காக ஏற்றப்பட்டது?

ஐப்பசி பிறந்ததும் டிவியில் அந்த வரி ஓட ஆரம்பித்துவிடும். சென்னை, எண்ணூர், கடலூர், நாகை, பாம்பன் துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். இரண்டு நாளில் ஒன்று மூன்றாகும். சில வருஷம் ஏழு, எட்டு, பத்து வரைக்கும் போகும். தாம்பரத்தில் இருக்கிற நமக்கு அதைக் கேட்டதும் தோன்றுவது பள்ளிக்கூடம் லீவா, முடிச்சூரில் தண்ணி ஏறுமா என்கிற இரண்டு கேள்விதான். அந்த எண்ணையும் பரீட்சை மார்க் மாதிரி எடுத்துக்கொள்கிறோம். பத்துக்கு மூணுன்னா பரவாயில்லை, பத்துக்குப் பத்துன்னா ஆபத்து.

அது மார்க் இல்லை. நமக்காகச் சொல்லப்படுவதும் இல்லை. கூண்டு பேசுவது துறைமுகத்தில் நிற்கிற, அல்லது துறைமுகத்தை விட்டுக் கிளம்பப்போகிற கப்பலின் கேப்டனிடம். இதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் வங்காள விரிகுடாவின் புயல் எச்சரிக்கை வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. எச்சரிக்கை சரியாக இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறோம். யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று அவ்வளவாகக் கேட்பதில்லை.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். மொத்தம் 11. ஒன்றாம் எண் என்றால் தொலைவில் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. இரண்டு என்றால் அது புயலாகிவிட்டது, வெளியே போகிற கப்பல் யோசித்துப் போகணும். மூன்று, துறைமுகத்திலேயே பலத்த காற்றும் மழையும் வரலாம். நான்கு, புயல் இந்தத் துறைமுகத்துக்கு வரக்கூடும், ஆனால் முழு ஏற்பாடுகளில் இறங்கும் அளவுக்கு ஆபத்து இன்னும் நெருங்கவில்லை.

சுவாரசியம் ஐந்திலிருந்துதான். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு ஆபத்து. ஐந்து என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுவிட்டுக் கரையைக் கடக்கும். ஆறு என்றால் வலப்பக்கம் விட்டுவிட்டு. ஏழு என்றால் துறைமுகத்தின் மேலேயே, அல்லது வெகு அருகில். எட்டு, ஒன்பது, பத்து அதே வரிசைதான், தீவிரப் புயலுக்கு. ஆக ஐந்து ஆறாக மாறினால் புயல் வலுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பாதை தெற்கே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இடமா வலமா என்பதற்கு ஏன் இவ்வளவு மரியாதை? நம் அரைக்கோளத்தில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கிழக்கிலிருந்து மேற்காக வருகிற ஒரு புயலை மேலே இருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வலப்பக்கம், அதாவது வடக்குப் பக்கம், காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கும். புயல் நகர்கிற வேகமும் அந்தக் காற்றோடு சேர்ந்துகொள்ளும். இடப்பக்கம், தெற்கில், காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும், நகர்கிற வேகம் கழிந்துபோகும். புயல் நெல்லூர்ப் பக்கம் கடந்தால் சென்னை இடப்பக்கத்தில் இருக்கும். மகாபலிபுரத்தில் கடந்தால் சென்னை வலப்பக்கத்தில் மாட்டும். அப்போது கடல் நீர் கரைமேல் ஏறும், நங்கூரம் பிடிக்காத கப்பல் மணலில் வந்து உட்காரும். மாலுமிகள் மொழியில் வலப்பக்கம் ஆபத்தான அரைவட்டம், இடப்பக்கம் கப்பல் ஓட்டத்தக்க அரைவட்டம். கூண்டின் எண்களுக்குள் இருப்பது இந்த மாலுமிக் கணக்குதான்.

இதெல்லாம் வருவதற்கு முன்னால் சோழமண்டலக் கரையில் எச்சரிக்கை என்பது பஞ்சாங்கம் மாதிரி ஒரு விஷயம். மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டி வரணும். அக்டோபர் நடுவில் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள், டிசம்பர் நடுவில்தான் மறுபடி ஏற்றுவார்கள். இறக்கியிருக்கும் இரண்டு மாதமும் அங்கே கப்பல் நிறுத்துவது அவரவர் பொறுப்பு, காப்பீடும் கைகொடுக்காது. புயல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எந்த மாதத்தில் இருக்கக்கூடும் என்று மட்டும் தெரியும். கொடி இறங்கினால் கிளம்பு. அன்றைய முன்னறிவிப்பு மொத்தமே இவ்வளவுதான்.

அதற்கும் கட்டுப்படாதவர்கள் உண்டு. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே மெட்ராஸைப் பிடித்தார். பிடித்த ஊரைப் பணத்துக்குத் திருப்பித் தருவதா, பிரெஞ்சுக்காரர்களே வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் டூப்ளேவுக்கும் தகராறு. கடிதமும் பதில் கடிதமுமாக நாட்கள் ஓடின, கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அக்டோபர் 13 இரவு புயல் அடித்தது. சில கப்பல்கள் மூழ்கின, மற்றவை பாய்மரம் இழந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கர்நாடகப் போர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக் கடற்படையின் கையை அன்றைக்கு உடைத்தது இங்கிலாந்து இல்லை. 1761 புத்தாண்டு அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களுக்கும் இதே கதி. ஆனால் அவர்கள் எஞ்சிய கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார்கள், இரண்டு வாரத்தில் புதுச்சேரி சரணடைந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. கடல் கொந்தளிக்கும்போது மசூலாப் படகுகூட அலையைத் தாண்டாது. அந்த மாதிரி நாளில் கரையிலிருந்து கப்பலுக்கு அவசரச் சேதி அனுப்ப மெட்ராஸ் அதிகாரிகளிடம் இருந்த ஒரே வழி கட்டுமரம். நம்ம ஊர்க் கட்டுமரக்காரர்கள் கடிதத்தை நனையாத கூம்புத் தொப்பிக்குள் வைத்துத் தலையில் கட்டிக்கொண்டு, அலையில் புரண்டு, மறுபடி மரத்தில் ஏறி, கப்பல்வரை போய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தக் காலத்தில் மெட்ராஸ் வந்த ஐரோப்பியர்கள் பலர் வியந்து எழுதிய காட்சி இது. அப்படியானால், "காற்று வருகிறது, நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போ" என்கிற சேதியைச் சுமந்து கடலுக்குள் போனவன் கட்டுமரக்காரன். அந்தச் சேதி அவனுக்கு இல்லை.

புயல் எங்கே இருக்கிறது என்று கடலில் இருந்தபடியே கண்டுபிடிக்க வழி சொன்னவர்களில் முக்கியமானவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். முன்னாள் கப்பல் கேப்டன். பிறகு அங்கே பொருளாதார நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளர், கடல் விபத்து விசாரணை மன்றத்தின் தலைவரும்கூட. புயலில் சிக்கித் தப்பிய கப்பல்களின் பதிவேடுகளை வாங்கி வாங்கிப் படித்து, வருஷக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். 1848இல் மாலுமிகளுக்காக ஒரு கையேடு போட்டார். 'சைக்ளோன்' என்ற சொல் அதில்தான் பிறந்தது. பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து அவர் செய்தது. இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் அந்தச் சொல் வங்காள விரிகுடாவின் கரையில் உருவானது என்பது எனக்குப் பிடித்த தகவல்களில் ஒன்று. கையேட்டோடு கொம்பைச் சீவிச் செய்த மெல்லிய, ஒளி ஊடுருவும் தகடுகளும் இருக்கும், காற்றின் சுழற்சி அதில் வரைந்திருக்கும். வரைபடத்தின் மேல் அதை வைத்து, இப்போது அடிக்கிற காற்றின் திசையைப் பொருத்தினால் புயலின் நடு எந்தப் பக்கம் என்று கேப்டன் ஊகித்துவிடலாம். அதைப் படிக்கத் தெரிந்தவர், வாங்க வசதி உள்ளவர், கையில் வரைபடம் வைத்திருப்பவர், இவர்களுக்கான அறிவு அது.

அடுத்த படி தந்தி. இங்கிலாந்தில் 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' கப்பல் உடைந்து சுமார் 450 பேர் இறந்தபின், ராபர்ட் ஃபிட்ஸ்ராய் கரையோர நிலையங்களைத் தந்தியால் இணைத்தார். டார்வினை 'பீகிள்' கப்பலில் அழைத்துப்போன அதே கேப்டன்தான். 1861 பிப்ரவரியில் முதல் புயற்காற்று எச்சரிக்கை போனது. வளையங்களின் மேல் துணி போர்த்திய கூம்பு, உருளை வடிவங்களை அவர் கொடிமரத்தில் ஏற்றச் செய்தார். கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து காற்று, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. நம் துறைமுகங்களில் பகலில் கூம்பும் உருளையும், ராத்திரியில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகளும் ஏற்றுவது இந்த வம்சம்தான். தூரத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அது கூண்டு தொங்குகிற மாதிரிதானே இருக்கும். தமிழில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

ஃபிட்ஸ்ராயின் கதை சோகமாக முடிந்தது. கணிப்பு பொய்க்கிற ஒவ்வொரு நாளும் பத்திரிகைகள் கேலி செய்தன. எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையில் நிற்கின்றன, வருமானம் போகிறது என்று மீன்பிடிப் படகு முதலாளிகள் முணுமுணுத்ததாகவும் சொல்வார்கள். 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த வருஷக் கடைசியில் எச்சரிக்கைகளே நிறுத்தப்பட்டன. வேண்டும் என்று கரையோர மக்கள் கேட்டதால்தான் 1867இல் திரும்பி வந்தன. எச்சரிக்கையால் ஒரு நாள் கூலி போகிறது என்கிற கணக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது. அது இன்றும் தீரவில்லை, பிறகு வருகிறேன்.

இந்தியாவில் வேலையைத் தொடங்கிவைத்தது 1864. அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைப் புயல் தாக்கியது, ஹூக்ளி ஆற்றின் வழியாகக் கடல் உள்ளே ஏறியது. அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்துச் செத்தவர்கள் பல பத்தாயிரம் பேர், பெரும்பாலும் தாழ்ந்த கரையோரக் கிராமத்து ஜனங்கள். அரசாங்கம் செய்த ஏற்பாடு என்ன? 1865இல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை. கிராமங்களுக்கு இல்லை, துறைமுகத்துக்கு. இதைக் கொடுமை என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சுலபம். தந்திக் கம்பி துறைமுகத்தோடு நின்றுவிட்டது, அதற்கு அப்பால் சேதியை எடுத்துப்போக வழியும் இல்லை. ஆனால் கம்பி எதுவரை போகணும் என்று முடிவு செய்தது சரக்கும் வியாபாரமும்தான் என்பதும் உண்மை.

மெட்ராஸ் அதற்கப்புறமும் காத்திருந்தது. 1872 மே 2 அன்று அடித்த புயலில் நங்கூரமிட்டிருந்த பல கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. சரி, செயற்கைத் துறைமுகமே கட்டிவிடுவோம் என்று ஆரம்பித்தார்கள். கட்டி முடிகிற தறுவாயில், 1881 நவம்பர் 12 புயல் அலைத்தடுப்புச் சுவர்களை உடைத்துப் போட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இலேயே வந்துவிட்டது. ஆனால் புயல் எச்சரிக்கை எல்லா இந்தியத் துறைமுகங்களுக்கும் விரிந்தது 1886இல்தான். எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரியான கூண்டு முறை 1898இல் வந்தது. இன்று டிவியில் ஓடுகிற எண்கள் சின்னச் சின்ன மாற்றங்களோடு அதே 1898 முறைதான். சிறிய துறைமுகங்களில் 3, 4, 7, 10, 11 மட்டும் ஏற்றினால் போதும் என்பதும் இந்த ஏற்பாட்டில் ஒரு வகை.

நுங்கம்பாக்கத்தைப் பற்றி இங்கே ரெண்டு வரி. கல்லூரிச் சாலையில் இப்போது மண்டல வானிலை மையம் இருக்கும் வளாகம் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகம். தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டுப் பொறித்த கருங்கல் தூண் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. 1796 முதல் வானிலைப் பதிவுகள் உண்டு. இவ்வளவு நீண்ட பதிவு ஆசியாவிலேயே அபூர்வம். ஆனால் அந்தக் காலத்தில் கரையில் எவ்வளவு நல்ல பாதரசமானி வைத்திருந்தாலும் கடலில் என்ன நடக்கிறது என்பது கப்பல் வந்து சொன்னால்தான் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, யோசித்துப் பார்த்தால் வேடிக்கையான சிக்கல். இருபதாம் நூற்றாண்டில் கப்பல்களுக்குக் கம்பியில்லாத் தந்தி வந்தது. நடுக்கடலில் இருந்தே காற்று, அழுத்தம், அலை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சேதி கிடைத்ததும் வானிலைத் துறை எச்சரிக்கை விடும். எச்சரிக்கையைக் கேட்ட கப்பல்கள் எல்லாம் அந்தப் பக்கமே போகாமல் விலகிவிடும். விலகியதும் புயலுக்குள் இருந்து சேதி வருவது நின்றுவிடும். எச்சரிக்கை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்குப் புயல் கண்ணில் படாமல் போகும். 1960இல் முதல் வானிலைச் செயற்கைக்கோள் போகும்வரை உலகம் முழுக்க இதுதான் நிலைமை. செயற்கைக்கோள் மேகத்தைக் காட்டும். கடல் மட்டத்தில் காற்று எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு என்று தெரிய யாராவது, ஏதாவது, அங்கேயே இருந்தாக வேண்டும்.

அந்த 'ஏதாவது' நம்ம பக்கத்தில்தான் தயாராகிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில் மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் கடந்து போகிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. 1993இல் தொடங்கிய நிறுவனம். 1996 முதல் கடலில் மிதவைகள் நிறுத்தும் திட்டத்தை நடத்துகிறது. மஞ்சள் நிறத்தில் பெரிய தட்டு மாதிரி மிதவை, மேலே காற்றுமானி, அழுத்தமானி, சூரியத் தகடு. கீழே கிலோமீட்டர் கணக்கில் கயிறு, கடலடியில் நங்கூரம். புயல் தலைமேல் போனாலும் அது விலகாது. அளந்ததைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கப்பல் ஓடிப்போகிற இடத்தில் ஓடாமல் நிற்பதற்கென்றே செய்த சாதனம். இதே வளாகத்தில் ஒரு டாப்ளர் ரேடாரும் உண்டு. மழைக்காலத்தில் வானிலைப் பதிவர்கள் 'பள்ளிக்கரணை ரேடார்' என்று படம் போடுகிறார்களே, அதுதான்.

இந்த மிதவைகளுக்குப் புயலைவிடப் பெரிய தொல்லை மீன்பிடிப் படகுகள். நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும், கயிற்றைக் கட்டும், கருவி உடையும். சேதப்படுத்தாதீர்கள் என்று கடலோரக் கிராமங்களில் பிரசாரமே செய்கிறார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி எழுதி அனுப்புகிற எண் தனக்குப் பயன்படுகிறது என்று படகுக்காரருக்குத் தோன்றவேண்டுமே. ரொம்ப காலம் தோன்ற வழியில்லாமல்தான் இருந்தது.

ஏன் என்பதற்கு ஒரு எண்ணைப் பார்த்தால் போதும். 34 நாட். மணிக்கு 62 கிலோமீட்டர். வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தைப் புயல் என்று அறிவிக்க இந்த வேகத்தைத் தொடணும். தொட்டால்தான் பெயர் கிடைக்கும், பிரேக்கிங் நியூஸ் கிடைக்கும். பியூஃபோர்ட் அளவுகோலில் எட்டாம் எண், அதாவது புயற்காற்று, தொடங்குகிற இடமும் இதுவே. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் அந்த அளவுகோலை எழுதியபோது காற்றை அளந்தது போர்க்கப்பலின் பாயை வைத்து. எந்தக் காற்றில் எத்தனை பாய் விரிக்கலாம், எப்போது சுருக்கணும் என்பதுதான் கணக்கு. நாட் கணக்கெல்லாம் பிறகு ஒட்டியது. ஆக 'புயல்' என்று நாம் பதறத் தொடங்குகிற கோடு, மரத்தால் செய்த ஒரு போர்க்கப்பல் சிரமப்படத் தொடங்கும் கோட்டிலிருந்து வந்தது. கட்டுமரத்துக்கோ, கொட்டிவாக்கத்திலும் நீலாங்கரையிலும் மணலில் ஏற்றிவைத்திருக்கும் ஃபைபர் படகுக்கோ அதற்கு வெகு முன்னாலேயே கதை முடிந்துவிடும்.

வானிலைத் துறைக்கு இது தெரியாமல் இல்லை. மீனவர் எச்சரிக்கை என்று தனியாக ஒன்று விடுகிறார்கள். மணிக்கு 45 கிலோமீட்டரைக் காற்று தாண்டும் என்றாலே அது வரும். அகில இந்திய வானொலியில் தமிழில் நாளுக்குப் பல தடவை வாசிப்பார்கள். அந்த வாக்கியத்தின் தமிழ் எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் "சூறாவளிக் காற்று" வீசும் என்று எழுதுவார்கள். சூறாவளி என்றால் ஊரில் புயலுக்கே இன்னொரு பெயர். விட்டு விட்டு வேகமெடுக்கும் காற்றைத்தான் அங்கே சொல்கிறார்கள். அந்த வார்த்தையை வருஷத்துக்கு முப்பது நாள் கேட்டவருக்கு, நிஜமான சூறாவளி வரும் அன்றைக்கும் அதே வார்த்தைதான் கிடைக்கிறது. கரையில் இதற்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு காற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு மாசம், ஒரு மீன்.

1998 வாக்கில் புதுச்சேரிக்குப் பக்கத்து வீராம்பட்டினத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம், எச்சரிக்கையின் முகவரியை மாற்றியதில் எந்தப் பெரிய திட்டத்துக்கும் குறைந்ததில்லை என்பது என் எண்ணம். தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராமத் தகவல் மையம் வைத்தது. அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காக இணையத்தில் போட்டுவைத்திருந்த அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் எழுதி, கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இத்தனை மணிக்கு அலை இத்தனை அடி, அவ்வளவுதான். போவதா வேண்டாமா என்று கேட்டவரே முடிவு செய்துகொள்ளலாம். 2004 சுனாமியன்று இதே பகுதியின் நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போனில் சொன்ன சேதி இப்படி ஒரு ஒலிபெருக்கியில் ஏறியதால்தான் ஜனங்கள் ஓடித் தப்பினார்கள்.

எச்சரிக்கை சரியாகப் போய்ச் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2012 அக்டோபர் 31ஐப் பாருங்கள். நீலம் புயல் மகாபலிபுரம் அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 85 கிலோமீட்டர் அளவு, புயல் வரிசையில் முதல் படிதான். ஆனால் சென்னை வலப்பக்கம். 'பிரதீபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் வெளியே நங்கூரத்தில் நின்றது. எச்சரிக்கை யாருக்காக 150 வருஷமாக வளர்ந்ததோ அதே முகவரிக்காரர். நங்கூரம் இழுபட்டு, கப்பல் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வந்து தரைதட்டியது. போதுமான எரிபொருளும் உணவும் இல்லாமல் பல நாளாகக் கிடந்த கப்பல் என்று பிறகு செய்திகளில் வந்தது. ஓடச் சொன்னாலும் ஓட முடியாத கப்பலுக்குக் கூண்டு என்ன சொல்லி என்ன? உயிர்காப்புப் படகில் இறங்கியவர்கள் அலையில் கவிழ்ந்தார்கள், ஆறு பேர் இறந்தார்கள். கரையிலிருந்த மீனவர்கள் அந்தக் கடலில் இறங்கி மாலுமிகளைத் தூக்கிவந்தார்கள். கப்பலிலேயே இருந்துவிட்டவர்களை மறுநாள் ஹெலிகாப்டர் மீட்டது. ஊர் பூராவும் குடும்பத்தோடு போய்க் கப்பலை வேடிக்கை பார்த்தது, சோளம் விற்றவருக்கு நல்ல வியாபாரம். 1966 நவம்பர் புயலில் மெரினாப் பக்கம் கரைதட்டிய 'ஸ்டமாடிஸ்' கப்பலின் எலும்புக்கூட்டைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது இரண்டாம் காட்சி.

ஒக்கி நேர்மாறு. 2017 நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அருகே ஒரு தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் குமரிக் கடலில் அது புயல். வங்காள விரிகுடாவில் நாலைந்து நாள் நடந்து வரும் புயல்களுக்குப் பழகிய முறைக்கு, ஒரே நாளில் வாசலில் உருவான இந்தப் புயல் நேரமே தரவில்லை. கடலுக்குப் போகவேண்டாம் என்று மீனவர் எச்சரிக்கை வந்தது, ஆனால் அது கரையில் இருந்தவர்களுக்குத்தான் எட்டியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பி நூற்றுக்கணக்கான கடல்மைல் தாண்டியிருந்தன. செல்போன் கோபுரம் கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் பேசும். படகுகளில் இருக்கும் வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டர். 'போகாதே' என்ற வாக்கியத்தில் ஏற்கெனவே போனவனுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு வேண்டியது 1848இல் பிடிங்டன் கேப்டன்களுக்குக் கொடுத்தது: புயல் எந்தப் பக்கம், நான் எந்தப் பக்கம் ஒதுங்கணும். வரவே வராத படகுகளைத் தேடி அந்த டிசம்பர் முழுக்கக் குமரிக் கடற்கரையில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் 2019இல் 'ஜெமினி' கருவி வந்தது. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் தரும் எச்சரிக்கை செயற்கைக்கோள் வழியாகப் படகில் இருக்கும் சிறு பெட்டிக்கு வரும், அங்கிருந்து செல்போன் திரையில் தெரியும். கரை எவ்வளவு தூரம் என்ற கவலை இல்லை. ஒருவழிப் பேச்சுதான். அதற்கடுத்து இருவழியாகச் சேதி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை விசைப்படகுகளில் பொருத்த ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஃபிட்ஸ்ராய் காலத்துக் கூலிக் கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. ராமேஸ்வரம் மாதிரி ஊர்களில் எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை டோக்கன் தராது, விசைப்படகு போகாது. 45 என்று சொல்லி 25 அடித்தால் அந்த நாள் போச்சு. ஐஸ் காசு, வட்டி எதுவும் நிற்காது. கணிப்பவர் பக்கம் நின்றால், ஒரு தடவை விட்டுவிட்டு ஆள் செத்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். கப்பல் கம்பெனிக்கு ஒரு நாள் தாமதத்தைத் தாங்கக் காப்பீடும் ஒப்பந்தமும் உண்டு. நாள்கூலிப் படகுக்கு அப்படி ஒன்று இருந்தால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

தாம்பரத்துக்கும் இதில் பங்கு உண்டு. கடல் நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டர் போலத்தான். ஆதனூர்ப் பக்கம் தொடங்கி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகப் போகும் அடையாறு பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் கடலில் சேர்கிறது. புயல் கரையோரமாக நின்று கடல் மட்டம் ஏறியிருக்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அடுத்த தடவை கூண்டு எண் ஆறு என்று கேட்டால், சென்னை வலப்பக்கம் என்று அர்த்தம். அதை வைத்து மேற்குத் தாம்பரத்தில் இருப்பவர்கள் கீழ்த்தளத்துச் சாமான்களை மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

பதினோராம் எண் பாக்கி. அது புயலைப் பற்றியது இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி தானாக நினைக்கிறார் என்பது அதன் பொருள். 1898இல் தந்திக் கம்பி அறுந்துபோவது சகஜம் என்பதால் வைத்தது. மற்ற பத்தையும் தூரத்து அலுவலகம் சொல்லி ஏற்றுவார்கள். இந்த ஒன்றை மட்டும் கடலை நேரில் பார்த்துக்கொண்டிருப்பவர் தன் கண்ணை நம்பி ஏற்றலாம்.